பில் கேட்காத கம்பெனிகள்

செமஸ்டர் பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகிறது. தூங்கித் தூங்கி அலுத்துப் போனதால் எழுத வந்துவிட்டேன். இந்த முறை விஷயம் என்ன தெரியுமா? சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் மெஷின்கள், அவற்றைச் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகள். "பி.காம் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா?" என்று கேட்பீர்கள். தீபாவளித் துப்பாக்கியைத் தாண்டி நான் எதையும் தொட்டதில்லை, பயப்படாதீர்கள். :-) கடைசி வரை படியுங்கள், நம்ம பாடத்துக்குத்தான் வந்து சேர்வேன்.

கதை இப்படித் தொடங்கியது. பெரியம்மா பொண்ணு அக்கா அரிசோனாவில் இருக்கிறாள். மாமா அங்கே போய் இருபது வருஷத்துக்கு மேலாகி, சிட்டிசனும் ஆகிவிட்டார். அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போய் அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடுவார். வேட்டையெல்லாம் கிடையாது, அக்கா விடமாட்டாள். அந்தத் தோட்டாக்களை அவரே கராஜில் உட்கார்ந்து நிரப்பிக் கொள்வார். அதற்கு ஒரு நீல நிற மெஷின் வைத்திருக்கிறார். ரிடையர் ஆன பக்கத்து வீட்டுக்காரரிடம் பழசாக வாங்கியது.

ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணி, அவருக்குக் காலை ஒன்பது. வீடியோ காலில் பேசிக் கொண்டிருந்தோம். "இருடா, ஒரு ஸ்பிரிங் உடைஞ்சு போச்சு, கம்பெனிக்கு போன் பண்ணிட்டு வரேன்" என்றார். இன்னொரு போனை ஸ்பீக்கரில் போட்டார். நானும் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டேன்.

எதிர்முனையில் எடுத்தவர் மூன்றே கேள்வி கேட்டார். எந்த மெஷின்? எந்த இடத்து ஸ்பிரிங்? உடைந்ததா, தளர்ந்ததா? அவ்வளவுதான். பில் கேட்கவில்லை. எப்போது வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. மாமாவே மனசாட்சி உறுத்தி "இது செகண்ட் ஹேண்ட்" என்று சொன்னபோது, அதனால் ஒன்றும் இல்லை என்றார். பிறகு அவராகவே, "அந்த ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் சின்ன பாகமும் தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்து அனுப்புகிறேன்" என்றார். மாட்டுவதற்கு முன் எதைத் துடைக்க வேண்டும், எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மொத்தம் ஆறு நிமிஷம். பைசா வாங்கவில்லை.

மார்க்கெட்டிங் பேப்பரில் "விற்பனைக்குப் பிந்தைய சேவை" இரண்டு மார்க் கேள்வி. அதை நான் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

முதலில் இந்த ரீலோடிங் என்றால் என்ன என்று சுருக்கமாக. ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளை உறை, அதன் அடியில் தீ மூட்டும் சின்ன பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் பிரைமரும் மருந்தும் எரிந்து போகும், குண்டு பறந்து போகும், உறை மட்டும் மிஞ்சும். நாலில் பொதுவாக விலை அதிகமானது அந்த உறைதான். அதை எறியாமல், விரிந்த உறையைப் பழைய அளவுக்கு அமுக்கி, பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் ரீலோடிங். அமுக்குகிற கைப்பிடி மெஷினுக்குப் பெயர் பிரஸ். அதில் திருகி மாட்டுகிற எஃகு அச்சுக்குப் பெயர் டை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குச் செய்தால் தேவை. நம்ம ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே யாரும் முயற்சிக்க வேண்டாம் சாமிகளா.

இந்தத் தொழிலில் இருக்கிற கம்பெனிகளை அங்கே நிறத்தை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள். பச்சை என்றால் ஆர்.சி.பி.எஸ். கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் 1943-ல் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் அப்பாவின் லாண்டரிக்கடைப் பின்னறையில் ஆரம்பித்தது. நீலம் என்றால் அரிசோனாவின் டில்லன் பிரிசிஷன். ஆரம்பித்த மைக் டில்லன் விமான பைலட்டாக இருந்தவர், 2016-ல் காலமானார். சிவப்பு என்றால் இரண்டு பேர். நெப்ராஸ்காவில் 1949-ல் தொடங்கிய ஹார்னடி, விஸ்கான்சினில் 1958-ல் ரிச்சர்ட் லீ தொடங்கிய லீ பிரிசிஷன்.

இதில் டில்லன் கம்பெனி தன் வீட்டு உபயோக மெஷின்களுக்கு வாழ்நாள் வாரண்டி தருகிறது. உடைந்தாலும் சரி, தேய்ந்தாலும் சரி. அந்த வாரண்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்தால் "சாக்குப்போக்கு இல்லாத வாரண்டி" என்று வரும். அசல் பெயர் அவ்வளவு நாகரிகம் கிடையாது. :-) ஆர்.சி.பி.எஸ்.ஸுக்கும் வாழ்நாள் வாரண்டி என்ற பெயர் உண்டு. எண்ணெய் சரியாகத் தடவாமல் உறையை டைக்குள் சிக்க வைத்துவிட்டால், அது முழுக்க முழுக்க நம்ம தப்பு. அந்த டையை அனுப்பினால்கூட சிக்கியதை எடுத்துத் தருவார்கள்.

எல்லாரும் உடனே "வெள்ளைக்காரன் நேர்மை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. இது நல்ல மனசு விஷயமே இல்லை என்பது என் கட்சி. இது சுத்தமான கணக்கு. கணக்காக இருப்பதால்தான் அதை நம்பவும் முடிகிறது.

கணக்கைப் பார்ப்போம். உடைவது என்ன? ஒரு ஸ்பிரிங், ஒரு பின், ஒரு பிளாஸ்டிக் வாஷர். ஆயிரக்கணக்கில் செய்யும்போது ஒன்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இப்போது அந்த ஸ்பிரிங்கைத் தராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசியுங்கள். பில் கேட்க வேண்டும். அது உண்மையா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். தப்பு யாருடையது என்று தீர்மானிக்க இன்னொரு ஆள் வேண்டும். மறுத்தால் கத்துவதைக் கேட்க மூன்றாவது ஆள் வேண்டும். இத்தனை பேர் சம்பளமும் ஸ்பிரிங் விலையை விட அதிகம். கேட்டவுடன் உறையில் போட்டு அனுப்புவதுதான் மலிவு. நம்ம வகுப்பில் ஏ.எஸ். 29 நடத்தும்போது வாரண்டிக்கு ஒதுக்கீடு வைப்பது பற்றிப் படித்தோமே, அந்த ஒதுக்கீட்டுத் தொகை இங்கே பயப்படும் அளவுக்கு ஏறாது.

"அப்படியானால் எல்லாக் கம்பெனியும் செய்யலாமே?" என்று கேட்கலாம். செய்து பார்த்துக் கையைச் சுட்டுக் கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்று 1912-லிருந்து இருக்கிற துணி, பூட்ஸ் கம்பெனி. எப்போது திருப்பிக் கொண்டு வந்தாலும் வாங்கிக் கொள்வோம் என்பது அவர்கள் பெருமை. 2018 பிப்ரவரியில் அதை ஒரு வருஷம் என்று சுருக்கிவிட்டார்கள். காரணம், சிலர் வருஷக்கணக்காகப் போட்டுக் கிழித்ததையும், வேறு யாரோ வீட்டு வாசலில் பழசாக விற்றதை வாங்கியதையும் கொண்டு வந்து பணம் கேட்டார்கள்.

அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை? நான் ரொம்ப நேரம் யோசித்த கேள்வி இது. எனக்குத் தோன்றிய பதில்: எல்.எல்.பீன் கொடுத்தது பணம் அல்லது புதுப் பொருள். அதை யாரும் ஆசைப்பட்டு வாங்குவார்கள். இவர்கள் கொடுப்பது உதிரி பாகம். மெஷின் இல்லாதவனுக்கு அந்த ஸ்பிரிங் எதற்கு? பொய் சொல்லி வாங்கினாலும் என்ன லாபம்? தேவைப்படுகிறவன் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்றைக் கொடுத்தால், கேட்கிறவனைச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை.

ஆனால் உதிரி பாகம் கொடுத்தால் போதும் என்ற நிலை வர வேண்டுமானால், வாங்கியவனே மாட்டிக் கொள்ளும்படி மெஷின் இருக்க வேண்டும். இவர்களுடைய கையேட்டைத் திறந்தால், மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த படம் இருக்கிறது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு எண். மாமா போனில் அந்த எண்ணைத்தான் சொன்னார். ஒட்டி மூடிய பெட்டி கிடையாது, விசேஷ ஸ்குரூ டிரைவர் கிடையாது. சாதாரண ஸ்பேனர் போதும். அந்த ஆறு நிமிஷ போன் காலை வரைபடம் போட்ட இன்ஜினியர் என்றைக்கோ தயார் செய்து வைத்துவிட்டார். போன் எடுத்தவர் அதை முடித்து வைத்தார், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் போட்டி. இந்த டை மாட்டும் மரையின் அளவு பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே. எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்குப் பதினாலு மரை. பச்சை டையைச் சிவப்பு பிரஸ்ஸில் மாட்டலாம், சிவப்பை நீலத்தில் மாட்டலாம். டில்லனின் ஸ்கொயர் டீல் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, வாடிக்கையாளரைக் கட்டிப் போட முடியாது. நம்ம ஊரில் ஒவ்வொரு மிக்ஸிக்கும் வேறு வேறு ஜார் என்று வைத்திருக்கிறார்களே, அந்த வித்தை அங்கே பலிக்காது. பிடிக்காவிட்டால் அடுத்த நிறத்துக்குப் போய்விடுவான். கட்டிப் போட முடியாதவனைத் தக்க வைத்துக் கொள்ள ஒரே வழி, நன்றாக நடத்துவது.

மூன்றாவது காரணம்தான் கொஞ்சம் கனமானது. இந்த மெஷினை வாங்குகிறவன் சாதாரண நுகர்வோர் இல்லை, அவனே ஒரு உற்பத்தியாளன். ஒரு உறையில் மருந்து இரண்டு முறை விழுந்துவிட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டால் குண்டு குழாய்க்குள் சிக்கி, அடுத்ததைச் சுடும்போது ஆபத்து. தேய்ந்த பாகத்தை "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று வைத்துக் கொள்ளக் கூடாது. ஐந்து டாலருக்காக அவனை யோசிக்க வைப்பதே தப்பு. எனவே போன் எடுக்கிறவர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவராக இருந்தால் ஆகாது, மெஷின் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாகம் இலவசம் என்பதை விட, தெரிந்தவர் எடுத்துப் பேசுகிறார் என்பதுதான் பெரிய சேவை என்பேன்.

1970-ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது சந்தையே கெட்டுப் போகும், அதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று உத்தரவாதம் என்று அதில் சொல்கிறார். சீக்கிரம் உடைகிற பொருளைச் செய்கிறவன் வாழ்நாள் வாரண்டி கொடுத்தால் திவாலாகிவிடுவான். எனவே வாரண்டி என்பது, "என் பொருள் சுலபத்தில் உடையாது" என்று பணத்தைப் பந்தயம் கட்டிச் சொல்வது. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன் மாஸ் வாரண்டிச் சட்டம்கூட எழுத்து மூலம் வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கொடுத்தால் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிக் கொடு என்றுதான் சொல்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வாழ்நாள் வாரண்டிக்காரர்கள்கூட இல்லை, லீ கம்பெனி. அவர்கள் மெஷின் விலை குறைவு. உத்தரவாதம் இரண்டே வருஷம். ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். இப்போதும் தயாரிப்பில் இருக்கிற எந்த லீ பொருளையும், எத்தனை பழசானாலும், எந்த நிலையில் இருந்தாலும், இன்றைய சில்லறை விலையில் பாதியைக் கட்டி அனுப்பினால் புதுசாக்கித் தருவார்கள், புது உத்தரவாதத்தோடு. குறைந்த விலைக்காரனும் தன்னால் எது முடியுமோ அதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுகிறான். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று எறும்பு சைஸில் எழுதி வைப்பதை விட இது எவ்வளவோ கௌரவம்.

குறை இல்லாமல் இல்லை. டில்லனின் தொழில்முறைப் பெரிய மெஷினுக்கு இந்த வாழ்நாள் வாக்குறுதி கிடையாது, குறிப்பிட்ட காலம்தான். நாள் முழுக்க ஓட்டித் தேய்ப்பவனுக்கு அந்தக் கணக்கு கட்டாது, நியாயம்தான். 2020, 2021-ல் கொரோனா சமயத்தில் அமெரிக்காவில் தோட்டாவுக்கும் பிரைமருக்கும் கடும் தட்டுப்பாடு வந்தது. எல்லாரும் ரீலோடிங்குக்குப் பாய்ந்ததில் புது மெஷினுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல சேவைக்கும் கொள்ளளவு என்று ஒன்று உண்டு.

கம்பெனி கை மாறினால் வாக்குறுதி என்ன ஆகும் என்பதும் நல்ல கேள்வி. ஆர்.சி.பி.எஸ். பல முதலாளிகளைப் பார்த்து, 2024-ல் ஹாட்ஜ்டன் என்ற வெடிமருந்துக் கம்பெனியிடம் போயிருக்கிறது. நாம் ஐந்தொகையில் "நற்பெயர்" என்று ஒரு சொத்தை எழுதுகிறோமே, அது இந்த மாதிரிக் கம்பெனியில் ஒரு உறைக்குள் வரும் இலவசப் பின்தான். அதை நிறுத்தினால் நாலு காசு மிச்சம் பிடிக்கலாம், விலை கொடுத்து வாங்கிய சொத்து கரைந்து போகும்.

"துப்பாக்கிக்காரனுக்கு வக்காலத்தா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. 2021-ல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000-க்கும் மேல், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்த நாட்டுத் துப்பாக்கிப் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. எனக்கு வருத்தம் வேறு. வட்டத்தைச் சுடுகிற பொழுதுபோக்குக்குக் கிடைக்கிற மரியாதை, சோறு போடுகிற மெஷினுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான்.

ஏன் என்றால் போன மே மாத லீவில் நான் ஒரு சர்வீஸ் கவுண்டரில் வேலை பார்த்தேன். மிக்ஸி, கிரைண்டர் கம்பெனி. பெயர் வேண்டாம். ஒரு அம்மா வந்தார். இட்லி மாவு அரைத்து விற்கிறவர். டேபிள் டாப் கிரைண்டரை ஆட்டோவில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். அடியில் ஒரு பிளாஸ்டிக் பாகம் உடைந்திருந்தது, உள்ளங்கையில் அடங்குகிற துண்டு. நான் சொல்லிக் கொடுத்தபடி கேட்டேன்: "பில் இருக்காம்மா?" இல்லை. "அப்ப வாரண்டி கிடையாதும்மா. இது தனியா வராது, முழு செட்டா மாத்தணும்." விலையைச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "நாளைக்கு மாவு கேப்பாங்களே தம்பி" என்றார். அதற்கு எனக்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மேனேஜர் உள்ளே போன நேரம், "பின்னாடி தெருவுல ஸ்பேர் கடை இருக்கு, கேட்டுப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அது எப்படியோ அவர் காதுக்குப் போய், சாயங்காலம் எனக்கு அர்ச்சனை. அவரைத் தப்பு சொல்லவும் முடியவில்லை. அந்தத் துண்டு தனியாகக் கிடைக்காதபடி செய்தது அவர் இல்லை. அவர் கையில் கொடுக்க எதுவுமே இல்லை, என் கையிலும் இல்லை.

அரிசோனாவில் போன் எடுத்தவரும் கவுண்டரில் நின்ற நானும் ஒரே வேலைதான் செய்தோம். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்பிரிங் டப்பா இருந்தது. என் முன்னால் ஒரு ரேட் கார்டு இருந்தது. "சிரித்த முகத்தோடு பேசு" என்று எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சிரித்த முகத்தோடுதான் இல்லை என்று சொன்னேன்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் ஆரம்பித்தது. வீட்டு உபயோகப் பொருளும் அதில் ஒரு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனால் தளத்தில் தகவல் இருந்தால் போதாது, டப்பாவில் பாகம் இருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கோ மார்க்கெட்டிங்கோ பார்க்கப் போகிறோம். "வாரண்டி செலவைக் குறைப்பது எப்படி?" என்று நம்மிடம் கேட்பார்கள். மறுப்பதற்கு ஆள் போடுவது ஒரு வழி. உடைகிற துண்டு தனியாகக் கழன்று வரும்படி செய்து, அதைக் கேட்டவுடன் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது மலிவு என்று கணக்குப் போட்டே காட்டலாம் என்பதற்கு ஒரு தொழிலே சாட்சி இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

மாமாவுக்கு ஸ்பிரிங் வந்து சேர்ந்துவிட்டது. மாட்டியும் விட்டாராம். அந்த அம்மாவுக்கு ஸ்பேர் கடையில் பாகம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்துக் கொள்கிறேன்.

டிஸ்கி: சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் அண்ணன்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். உங்களைச் சொல்லவில்லை, உங்கள் கையில் டப்பாவைக் கொடுக்காதவர்களைச் சொன்னேன்.